அழகுக்காகவா, அவதி நீங்கவா?



மிம்பரில் நின்று சொன்ன பிழையை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து திருத்திக்கொள்வது முறையன்று. பலர் செவியில் விழுந்த சொல்லைத் திரும்பப் பெற வேண்டுமாயின், பலருக்கும் எட்டும் இடத்திலேயே அதனைச் செய்தல் வேண்டும். என் தலைமேல் இருக்கும் அப்படியொரு கடனைத் தீர்ப்பதற்காகவே இவ்வாரம் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து எல்லாரும் கலைந்த பின், எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். வயது நாற்பதிருக்கும். ஒரு காலத்தில் 142 கிலோ எடை இருந்தவர். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும், உறங்கும்போது மூச்சு அடைபடும் தொல்லையும் அவரை வாட்டின. மருத்துவர்களின் யோசனைப்படி இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டு, உணவைக் கட்டுப்படுத்தி, நாள்தோறும் நடந்து, ஒன்றரை ஆண்டில் 81 கிலோவுக்கு வந்திருந்தார். ஊரார் அவரைக் கண்டு வியந்தனர். நானும் மாஷா அல்லாஹ் என்று சொல்லித் தோளில் தட்டினேன்.

அவர் கேட்டது ஒளூவைப் பற்றிய ஒரு மஸ்அலா. "ஹஜ்ரத், அடிவயிற்றுத் தோல் மடிந்து தொங்குகிறது. அந்த மடிப்புக்குள் புண்ணாகி நீர் கசிகிறது. என் ஒளூ முறிந்துவிடுமா?" என்றார்.

இது எனக்குப் பழகிய பாடம். மகிழ்ச்சியோடு விளக்கினேன். ஹனபி மத்ஹபின்படி, புண்ணிலிருந்து சீழோ நிணநீரோ வெளிப்பட்டுத் தன் இடத்தைக் கடந்து ஓடுமாயின் ஒளூ முறியும். புண்ணின் வாயிலேயே தேங்கி நின்றால் முறியாது. ஒரு தொழுகையின் நேரம் முழுவதும், ஒளூச் செய்து தொழும் அளவுகூட இடைவெளியின்றிக் கசிந்துகொண்டே இருந்தால், அவர் நிர்ப்பந்தமுடையவர். ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் ஒரு ஒளூ அவருக்குப் போதும். ஷாபிஈ மத்ஹபிலோ மல ஜல வழிகள் அல்லாத இடத்திலிருந்து வெளியாவது ஒளூவை முறிப்பதில்லை. இவ்வளவையும் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்தத் தோலையே வெட்டி எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். பிளாஸ்டிக் சர்ஜரி செய்பவரைப் பார்க்கச் சொல்கிறார். மார்க்கத்தில் ஆகுமா ஹஜ்ரத்?" என்றார்.

ஒளூவுக்குக் கால் மணி நேரம் பதில் சொன்ன நான், இதற்குக் கால் நிமிடமும் எடுத்துக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் சர்ஜரி என்ற சொல் காதில் விழுந்ததும் நடிகர் நடிகையரின் மூக்கும் உதடும்தான் என் நினைவில் வந்தன. "அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஆகாது தம்பி. பொறுத்துக்கொள்ளுங்கள், கூலி உண்டு" என்று முடித்துவிட்டேன். அதோடு நின்றேனா? அடுத்து வந்த ஜும்ஆவில் அழகு மோகம் பற்றிப் பேசுகையில், வயிற்றுத் தோலை வெட்டித் தைத்துக்கொள்வோரையும் அந்த வரிசையில் சேர்த்துச் சாடினேன். அந்தச் சகோதரர் அன்று எனக்கு எதிரிலேயே அமர்ந்திருந்தார்.

அதன்பின் அவரை ஜமாஅத்தில் காண்பது அரிதாயிற்று. வியாபாரத்தில் மும்முரம் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து, அவர் கடுங்காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தது. நோயாளியை நலம் விசாரிப்பது கடமையாதலால் போனேன். தோல் மடிப்பிலிருந்த புண்ணின் வழியாகக் கிருமி உட்புகுந்து, தோலுக்கு அடியிலுள்ள சதையெல்லாம் வீங்கிச் சிவந்துவிட்டதாம். ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று உரிமையோடு கடிந்துகொண்டேன். அவர் சற்று நேரம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பூண்டு, வெங்காயம் தின்ற வாடையோடு பள்ளிக்கு வரக்கூடாது என்று தாங்கள்தாமே பயான் செய்தீர்கள் ஹஜ்ரத். என் உடம்பில் வீசும் வாடை பூண்டு வாடையைக் காட்டிலும் கொடியது. எத்தனை முறை குளித்தாலும் போவதில்லை. ஸஃப்பில் பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிப்பதைப் பார்த்த பிறகு எப்படி வருவது?"

வாசகர்களே, அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு ஹதீஸ். மதரஸாவில் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு நானே பாடம் நடத்திய ஹதீஸ் அது.

அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) என்னும் நாயகத் தோழர், இஸ்லாத்திற்கு முந்திய காலத்தில் நிகழ்ந்த குலாப் போரில் தம் மூக்கை இழந்தவர். வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். நாளடைவில் அதில் துர்நாற்றம் உண்டாயிற்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்குத் தங்கத்தால் மூக்குச் செய்துகொள்ளும்படி கட்டளையிட்டார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய மூன்று நூல்களிலும் இது பதிவாகியிருக்கிறது.

ஆண்களுக்குத் தங்கம் தடை செய்யப்பட்டது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். மூக்கில்லாமலும் மனிதன் உயிர் வாழலாம். வெள்ளி மூக்கோடும் வாழலாம். உயிருக்கு ஆபத்து என்று அங்கே எதுவும் இல்லை. இருந்தது முகத்தின் குறையும் ஒரு நாற்றமுமே. அந்த நாற்றத்தை நீக்குவதற்காக, விலக்கப்பட்ட தங்கத்தையே அண்ணலார் (ஸல்) அனுமதித்தார்கள். பொறுத்துக்கொள் என்று அவர்கள் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

மருத்துவமனையில் அவரைக் கவனித்த மருத்துவர், நான் கேட்டுக்கொண்டதன் பேரில், அமைதியாக எல்லாவற்றையும் எடுத்துரைத்தார். விஷயம் தெரியாமல் தீர்ப்புச் சொன்னவன் என்ற வெட்கத்தோடு கேட்டுக்கொண்டேன். பல ஆண்டுகள் கொழுப்பைத் தாங்கி விரிந்த தோலில், அதனைச் சுருங்கச் செய்யும் இழைகள் சிதைந்துபோய்விடுகின்றன. கொழுப்புக் கரைந்தாலும் தோல் தன் பழைய அளவிற்குத் திரும்புவதில்லை. உடற்பயிற்சி தசையை இறுக்குமே தவிர, தளர்ந்த தோலை இறுக்காது, களிம்புகளாலும் ஆகாது. அதிக எடையை விரைவில் இழந்தவர்களுக்கு வயிறு, தொடை, மேற்கை, மார்பு, முதுகு ஆகிய இடங்களில் தோல் திரைச்சீலைபோல் தொங்குகிறது. சிலருக்கு அடிவயிற்றுத் தோல் தொடை வரை இறங்கிவிடும். தோலும் தோலும் ஒட்டியிருக்கும் இடத்தில் வியர்வை உலர வழியில்லை; அங்கே உராய்வும் பூஞ்சைத் தொற்றும் புண்ணும் மாறி மாறி வருகின்றன. மருந்து போட்டால் ஆறும், மருந்தை நிறுத்தினால் திரும்பும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

இதனைப் புதுக்காலத்து நாகரிகம் என்று எண்ணுவோரும் உண்டு. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹோவர்டு கெல்லி என்னும் பெண்நோய் மருத்துவர், தொங்கும் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் நீக்கும் அறுவையைப் பற்றி 1899ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். சினிமா நடிகைகள் தோன்றுவதற்கு முன்பே தோன்றிய சிகிச்சை இது!

இனி, நான் அன்று ஆதாரமாகக் காட்டிய வசனத்திற்கு வருவோம். அன்னிஸா அத்தியாயத்தின் 119ஆவது வசனத்தில், மனிதர்களை வழிகெடுத்துக் கால்நடைகளின் காதுகளை அறுக்கவும் அல்லாஹ்வின் படைப்பை மாற்றவும் ஏவுவதாக ஷைத்தான் சூளுரைத்த செய்தி கூறப்படுகிறது. உடம்பில் கத்தி படுவதெல்லாம் படைப்பை மாற்றுதல் என்று இதற்குப் பொருள் கொண்டால், கத்னா செய்வதும் குற்றமாகிவிடும். குடல்வாலை எடுப்பதும் குற்றமாகிவிடும். அவ்வாறு சொன்ன இமாம் எவருமில்லை. ஆகவே, எது மாற்றம், எது மருத்துவம் என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோல் ஹதீஸிலேயே இருக்கிறது. பச்சை குத்துவோர், புருவ முடியைக் களைவோர், பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்குவோர் ஆகியோர் மீது சாபம் உண்டென்பதை அப்துல்லாஹ் பின் மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது உள்ளது. அதில் அழகுக்காக என்னும் ஒரு சொல் சேர்ந்து வருகிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முஸ்லிமின் விரிவுரையில் அந்த ஒரு சொல்லைப் பிடித்து நிறுத்திக் காட்டுகிறார்கள்: அழகை நாடிச் செய்வதே விலக்கப்பட்டது, சிகிச்சைக்காகவோ பல்லிலுள்ள ஒரு குறைக்காகவோ தேவைப்படுமாயின் குற்றமில்லை என்கிறார்கள். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் தமஸ்கஸ் நகரில் பாடம் நடத்திய ஓர் அறிஞருக்குத் தெரிந்த வேறுபாடு, ஒலிபெருக்கி முன் நின்ற எனக்கு அன்று தெரியாமல் போயிற்று.

இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் இவ்விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர்கள். பெண்ணொருத்தி அழகை நாடித் தன் உடலமைப்பில் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாதென்பது அவர்கள் கருத்து. அவர்கள்கூட, உண்பதற்கு இடையூறாக நீண்டுவிட்ட பல்லையும் வேதனை தரும் அதிகப்படியான விரலையும் விதிவிலக்காக்கியிருக்கிறார்கள். கண்டிப்பின் எல்லை வரை சென்றவர்களே அவதிக்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் ஔரங்கசீப் ஆட்சியில் உலமாக்கள் கூடித் தொகுத்த ஃபதாவா ஆலம்கீரியில் ஒரு மஸ்அலா வருகிறது. ஆறாம் விரலையோ அதுபோன்ற வேறொன்றையோ வெட்டிவிட விரும்புகிறான் ஒருவன், செய்யலாமா? முற்கால அறிஞர் நுஸைர் (ரஹ்) அவர்களின் பதில் அங்கே தரப்பட்டிருக்கிறது. அப்படி வெட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் மாண்டுபோவது வழக்கமாயின் செய்யக்கூடாது; பெரும்பாலோர் பிழைப்பதே வழக்கமாயின் செய்ய இடமுண்டு. அந்த விரல் அழகைக் கெடுக்கிறதா, வலிக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை. உயிர் தங்குமா என்றே கேட்கிறார்கள். மயக்க மருந்தும் தையல் நூலும் சரிவர இல்லாத காலத்துத் தீர்ப்பு இது.

அண்மைக் காலத்தில், ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ரஜெயாவில் கூடிய 18ஆவது அமர்வில் அழகு அறுவை சிகிச்சையைப் பற்றி விரிவாக ஆராய்ந்து முடிவெடுத்தது. பிறவிக் குறைகளையும், தீக்காயம், விபத்து, நோய் முதலியவற்றால் பின்னர் ஏற்பட்ட குறைகளையும் சீர் செய்வது ஆகுமானது. உடலுக்கோ உள்ளத்திற்கோ துன்பம் தரும் விகாரத்தை நீக்குவதும் ஆகுமானது. நோயின் அளவிற்குப் பெருத்த உடலை, வேறு வழியில்லாதபோது, ஆபத்தில்லை என்ற உறுதியுடன், அறுவையின் மூலம் குறைப்பதும் ஆகுமானது. மாறாக, ஆசையையும் பிறரைப் பின்பற்றும் மோகத்தையும் தவிர வேறு காரணமின்றி நல்ல உடலின் அமைப்பை மாற்றுவது கூடாது. அம்முடிவின் சாரம் இதுவே.

அந்தச் சகோதரரின் தோல் இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது? அல்லாஹ் அவருக்கு ஒரு தோலைக் கொடுத்தான். நோய் அதனைப் பிய்த்து விரித்தது. சிகிச்சை நோயை அகற்றியது. விரிந்த தோல் மட்டும் எஞ்சி நிற்கிறது. அதை நீக்குவது அந்த முதல் சிகிச்சையின் மீதிப்பகுதி. கட்டடம் கட்டி முடித்த பின் சாரத்தைப் பிரிப்பதைக் கட்டடத்தை இடிப்பது என்று யாரும் சொல்வதில்லை.

"தானே தின்று பெருத்தவர், தானே அனுபவிக்கட்டுமே" என்று ஒரு பெரியவர் என்னிடம் வாதிட்டார். இது மார்க்கத்தின் குரலன்று. உடற்பருமனுக்குப் பரம்பரை, சுரப்பிகளின் கோளாறு, சில மருந்துகளின் விளைவு என்று பல காரணங்கள் உண்டு. உண்டதே காரணம் என்று வைத்துக்கொண்டாலும், உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்னும் இறைக்கட்டளைக்குத் திரும்பி வந்தவரல்லவா அவர்? 61 கிலோவைக் குறைத்தவரிடம் போய், நீ முன்பு தின்றவன் என்பது, தவ்பா செய்தவனின் பழைய பாவத்தைச் சந்தையில் ஏலம் போடுவதற்கு ஒப்பாகும். அதைச் சொன்ன பெரியவருக்கும் வயிறு சற்று முன்னால்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

துன்பம் என்று மார்க்கம் எதைக் கணக்கில் எடுக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று. ஹுதைபியாவில் இஹ்ராம் கட்டியிருந்த கஅபு பின் உஜ்ரா (ரலி) அவர்களின் தலையிலிருந்து பேன்கள் முகத்தில் உதிர்ந்தன. இஹ்ராமில் முடி களைவது தடை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைக் கண்டு இரங்கி, தலையை மழித்துக்கொண்டு பரிகாரம் செய்யும்படி பணித்தார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 196ஆவது வசனம் அதற்கு வழி திறந்தது. பேன் கடியைத் துன்பமாக ஏற்று ஒரு விலக்கைத் தளர்த்திய மார்க்கம், மாதக்கணக்கில் கசியும் புண்ணைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுமா?

நீங்கள் ஷாபிஈ மத்ஹபினராயின், மின்ஹாஜுத் தாலிபீனில் கடமையான குளிப்பின் பாடத்தை நினைவுகூருங்கள். உடலின் மடிப்புகளைக் கவனித்துக் கழுவுதல் அங்கே குறிப்பிடப்பட்டிருக்கிறது. காது மடல், வயிற்று மடிப்பு, அக்குள் ஆகியவற்றை உரையாசிரியர்கள் சுட்டுவார்கள். பாடம் சொல்லும்போது அது ஒரு வரியாகக் கடந்துவிடும். ஒரு மடிப்பைத் தூக்கிப் பிடித்துக் கழுவ மனைவியின் கை தேவைப்படும் மனிதனுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பாரம் என்பதை அந்தச் சகோதரர் சொல்லித்தான் அறிந்தேன். தஹஜ்ஜத்துக்கு எழ விரும்புவாராம். மனைவியை எழுப்ப மனமின்றிப் படுத்துவிடுவாராம்.

நான் செய்த அதே தவறைக் காப்பீட்டு நிறுவனங்களும் செய்வதைப் பின்னர் கண்டேன். நம் நாட்டின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019ஆம் ஆண்டில் வகுத்த பொது விதிகளில், தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் பணம் கிடையாது என்று இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றிற்குப் பின் சீரமைப்பதற்கும், உடல்நலத்திற்கு நேரடியான உடனடி ஆபத்தை நீக்குவதற்கும் விலக்கு உண்டு. விதி மோசமென்று சொல்ல முடியாது. ஆனால் தோல் என்ற சொல்லைக் கண்டதும் அழகு என்று முத்திரை குத்தி மறுப்பது எளிது. உடனடி ஆபத்து என்று மெய்ப்பிப்பது நோயாளியின் பாடு. இரைப்பை அறுவைக்குப் பணம் கொடுத்த காப்பீடு, அதன் பின்விளைவான தோலுக்குக் கையை விரித்துவிட்டது. புண்ணின் புகைப்படங்களையும், பல மாதங்கள் மருந்திட்டும் ஆறவில்லை என்னும் தோல் மருத்துவரின் குறிப்புகளையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்து வைப்பது நல்லது. பெயரைப் பார்த்துத் தீர்ப்பளிப்பவர்களிடம் போவதற்கு முன் கையில் ஆதாரம் இருக்கட்டும். காப்பீட்டு அலுவலர்களை மட்டும் சொல்லவில்லை. எங்களைப் போன்ற ஆலிம்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதனால் எல்லாமே ஆகும் என்று சொல்லிவிட்டதாக எவரும் என்னை மேற்கோள் காட்ட வேண்டாம். வயிற்றுத் தோலை நீக்குகையில், இடுப்பையும் கொஞ்சம் செதுக்கலாம், மார்பையும் தூக்கலாம், முகத்தையும் இழுக்கலாம் என்று விலைப்பட்டியலோடு ஆசை காட்டும் இடங்கள் பெருகிவிட்டன. புண்ணும் பாரமும் இல்லாத இடத்தில், இளமையைத் திரும்பக் காட்டுவதற்காக மட்டும் கத்தி வைப்பது இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்த ஹதீஸின் எல்லைக்குள் போய் விழுகிறது. அதில் என் கருத்து மாறவில்லை. 2025ஆம் ஆண்டில் மௌஞ்சாரோ, வீகோவி போன்ற எடைக்குறைப்பு ஊசிகள் நம் நாட்டில் விற்பனைக்கு வந்துவிட்டமையால், விரைவில் மெலிந்து தோல் தளர்ந்தவர்களின் தொகை இனி கூடும். இந்தக் கேள்வியும் பள்ளிதோறும் வரும்.

கை மட்டும் தொங்குகிறது, புண் இல்லை, ஆயினும் திருமண வீடுகளுக்குப் போகவே கூசுகிறது என்று ஒரு சகோதரி, தம் தாயார் மூலம் கேட்டனுப்பினார். இது கடினமான கேள்வி. உள்ளத்தின் துன்பத்தையும் அகாடமியின் முடிவு கணக்கில் எடுத்திருப்பதால் இதை எளிதில் தள்ள எனக்குத் துணிவில்லை. நம் பெண்கள் முழுக்கை உடையணிபவர்கள். அந்நியர் கண்ணில் படாத ஒன்றுக்காக மேற்கை நெடுக நீளும் தழும்பை ஏற்பதா என்று முதலில் எண்ணிப் பார்க்கும்படி சொன்னேன். எண்ணிப் பார்த்த பின்னும் அந்தக் கூச்சம் அவரை மனிதரிடமிருந்து ஒதுக்கி வைக்குமானால், நம்பத்தகுந்த ஒரு மருத்துவப் பெண்மணி அதனை நோய் என்று சொல்வாரானால், நான் தடுக்க மாட்டேன். பெண்ணுக்குப் பெண் மருத்துவரே முதல் உரிமையுடையவர் என்பதையும், திறமை வாய்ந்த பெண் மருத்துவர் கிடைக்காதபோது மட்டுமே ஆண் மருத்துவர் என்பதையும் மறக்கலாகாது.

வேறொரு வீட்டில் கணவர் வற்புறுத்துகிறார், மனைவிக்கு விருப்பமில்லை. மூன்று பிள்ளைகளைப் பெற்றுப் பெருத்து, அவர் சொல்லுக்காகவே மெலிந்தவர் அந்த அம்மையார். கணவரை அழைத்து, மனைவியின் உடலைக் கத்திக்கு உட்படுத்தக் கட்டளையிடும் அதிகாரத்தை எந்தக் கிதாபும் உமக்குக் கொடுக்கவில்லை என்று கூறி அனுப்பினேன். அது பிடிக்காமல் வேறொரு பள்ளிக்கு மாறிவிட்டதாகக் கேள்வி. மாறட்டும்.

இது சிறிய அறுவை அன்று. உங்களை நீங்களே அழிவில் இட்டுக்கொள்ளாதீர்கள் என்பதும் இறைவனின் கட்டளைதான். ஒரு பக்கத்து இடுப்பெலும்பிலிருந்து மறு பக்கம் வரை நீளும் தழும்பு வாழ்நாள் முழுதும் இருக்கும். தையல் பிரிவது, உள்ளே நீர் கோப்பது, காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறுவது ஆகிய ஆபத்துகள் உண்டு. எடை குறைந்து வரும்போதே அவசரப்பட்டுச் செய்யக்கூடாது. மூன்று முதல் ஆறு மாதங்களாவது எடை ஒரே நிலையில் நிற்க வேண்டும். இரைப்பை அறுவை செய்தவர்கள் பொதுவாக ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ பொறுத்திருக்க வேண்டும். அவர்களுக்குப் புரதமும் இரும்புச் சத்தும் குறைந்திருப்பது வழக்கமாதலால் அதைச் சரி செய்யாமல் கத்தி வைத்தால் புண் ஆறாது. பீடி சிகரெட்டுப் பிடிப்பவர் பல வாரங்களுக்கு முன்பே அதனைக் கைவிட வேண்டும். புகையால் தோலுக்கு இரத்த ஓட்டம் குன்றித் தையல் ஓரம் கருகிப்போகும். இதற்காகவேனும் புகையை விடுபவர்கள் சிலர் உண்டானால் அதுவும் நன்மையே. வட்டிக்கு வாங்கிச் செய்வதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, உயிர் போகும் அவசரம் இதில் இல்லை, சேமித்துச் செய்யுங்கள் என்றே சொன்னேன். காத்திருக்கும் காலத்தில் மடிப்புகளை உலர வைக்கவும் புண்ணுக்கு மருந்திடவும் தோல் மருத்துவரிடம் போகலாம். அதற்கு எவருடைய ஃபத்வாவும் தேவையில்லை.

அந்தச் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "தாங்கள் வேண்டுமென்றா சொன்னீர்கள் ஹஜ்ரத்" என்று அவர் என் கையைப் பற்றிக்கொண்டது எனக்கு மேலும் பாரமாயிற்று. என் சொல்லை நம்பி ஓராண்டு புண்ணோடு இருந்தவர் அவர். காய்ச்சல் நீங்கிப் புண் முழுதும் ஆறிய பின், சென்ற ஆண்டு அறுவை நடந்தது. நான்கு கிலோவுக்கு மேல் தோலும் கொழுப்பும் நீக்கப்பட்டன. முதல் சில நாட்கள் நிமிர முடியாமல் கூன் விழுந்தவர்போல் நடந்தார். மூல நோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழு, இயலாவிடில் அமர்ந்து தொழு, அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துத் தொழு என்று அண்ணலார் (ஸல்) வழிகாட்டியதைச் சொல்லி, நாற்காலியில் அமர்ந்து சைகையால் ருகூஉ சுஜூது செய்யும்படி கூறினேன். தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்ன இடத்தில் கட்டின் மீது ஈரக்கையால் தடவிக் குளிப்பை நிறைவேற்றினார்.

ஐந்தாவது வாரம் ஜும்ஆவுக்கு வந்து, இரண்டாம் ஸஃப்பின் நடுவில் அமர்ந்தார். தொழுகை முடிந்ததும் வழக்கம்போல் தயங்கி நின்று ஒரு மஸ்அலா கேட்டார். "வெட்டி எடுத்த தோலை அடக்கம் செய்ய வேண்டும் என்கிறார் என் மாமா. மருத்துவமனையில் கேட்கவே இல்லையே, குற்றமாகிவிட்டதா?" உடலிலிருந்து பிரிந்த உறுப்பை மண்ணில் புதைப்பது சிறந்தது, கடமையன்று. மருத்துவக் கழிவு பற்றி 2016ஆம் ஆண்டின் அரசு விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி மருத்துவமனை அதனை மஞ்சள் பையிலிட்டு எரியூட்டுவதற்கு அனுப்பிவிடும். அதற்காக அவர்களோடு சண்டையிடத் தேவையில்லை என்று பதில் சொன்னேன். இம்முறை பதில் சொல்வதற்கு முன், கிதாபைப் பார்த்துவிட்டு இஷாவுக்குப் பின் சொல்கிறேன் என்று அவரைக் காத்திருக்க வைத்தேன்.